எலாடியோ சொல்லாமல் விட்ட சொல்

"என் நாக்கு கடினமாக இருக்கிறது, டீச்சர்," என்றார் எலாடியோ.

வாசலில் நின்றபடியே சொன்னார். உள்ளே வாருங்கள் என்று சொல்லும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை.

ஜெனோவா டீச்சர் அடுக்களைக்குப் போய் ஒரு டப்பாவைத் திறந்து, ஒரு முந்திரிக்கொத்துப் பலகாரத்தை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள். எந்தத் திருவிழாவுக்குச் சுட்டதோ, அவளுக்கே ஞாபகமில்லை.

எலாடியோ கடித்தார். பல் தப்பியது அவர் செய்த புண்ணியம்.

"இதுவும் கடினமாக இருக்கிறது."

"ஆமா," என்றாள் டீச்சர். பால் இல்லாத கட்டன்சாயா ஒரு கிளாஸை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள்.

அவர் சாயாவைப் பார்த்தார். கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு முந்திரிக்கொத்தைச் சாயாவில் முக்கிக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். அடுத்த கடி சுலபமாக இறங்கியது.

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"நனைத்தேன்."

"அதுக்கு என்ன ஆச்சு?"

"மென்மை ஆனது. ஸாஃப்ட்." நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். "ஸாஃப்ட்டன். நான் இதை ஸாஃப்ட்டன் செய்தேன்."

"நடுவுல உள்ள 'ட்' சத்தம் போடாது."

"ஸாஃபன்."

"நாளைக்கு வாங்க," என்று டீச்சர் டப்பாவை மூடினாள்.

*

எலாடியோ ஸ்பெயின்காரர். ஐம்பதைத் தாண்டியவர். காற்றாலை வேலைக்காக ஆரல்வாய்மொழிக்கு வந்து இரண்டு ஆடிக்காற்றைப் பார்த்தாகிவிட்டது. டீச்சருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தன்னைவிடச் சின்னவளிடம் பாடம் கேட்க வந்து உட்காருவதில் அவருக்கு வெட்கமே கிடையாது. பாடம் வரவில்லையே என்பதுதான் வெட்கம்.

இரண்டு பேரும் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். டீச்சரின் ஆங்கிலம் அந்த ஊர்க் காற்று அடித்த ஆங்கிலம். ஆகவே அதை ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவிட்டால் பெரிய தப்பில்லை. எலாடியோவின் ஆங்கிலம் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நிற்கும். அதை அப்படியேதான் விட்டிருக்கிறது.

காற்றாலையின் பிளேடைப் பழுதுபார்க்க இறக்கும்போது தரையில் நின்று கட்டளை சொல்வது அவர் வேலை. பிளேடு என்றால் வீட்டு மின்விசிறி இறக்கை என்று நினைத்துவிடக் கூடாது. நாலு பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். இறங்கும்போது காற்றில் திரும்பிவிடாமல் இருக்க நாலா பக்கமும் கயிறு கட்டி ஆட்கள் பிடித்திருப்பார்கள். கயிறு பிடிப்பவர்களில் தமிழர் உண்டு, மலையாளிகள் உண்டு, பீகார்க்காரர்கள் உண்டு. ஆளுக்கொரு மொழியில் கத்தினால் பிளேடு யார் சொல்லைக் கேட்கும்? அதனால் கட்டளை ஆங்கிலத்தில்தான் என்று வைத்திருந்தார்கள்.

சில மாதங்களாக எலாடியோவின் வாயில் கட்டளை வரவில்லை.

"கயிறு தளர்வாக இருக்கிறது," என்பார். "பிளேடு கோணலாக இருக்கிறது," என்பார்.

எல்லாம் உண்மை. கயிற்றுக்காரர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இருக்கு, சரி, அதுக்கு நாங்க என்ன செய்யணும்?

மேனேஜர் தங்கமான மனுஷன். தங்கமானவர்களும் ஒரு கட்டத்துக்கு மேல் பொறுக்கமாட்டார்கள். பரிசோதகர் ஒருவர் வரப்போகிறார், அவர் முன்னால் தரையில் நின்று கட்டளை சொல்லிக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். சொல்லிக் காட்டினால் கயிற்று வேலை. முடியவில்லை என்றால் சென்னை ஆபீஸில் ஒரு நாற்காலி.

"எனக்கு நாற்காலி வேண்டாம். கயிறு வேண்டும்," என்றார் எலாடியோ.

அவர் பதினெட்டு வயதில் கயிற்றைத் தொட்டவர். அதைத் தவிர உலகத்தில் அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. மேனேஜர் அறையிலிருந்து இறங்கியவர் நேராக டீச்சர் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

*

"இந்த வியாதி உங்களுக்கு மட்டுமில்ல," என்றாள் டீச்சர் மறுநாள். "போன வருசம் உங்க நாட்டு எஞ்சினியர்மாரு எங்கிட்டப் படிச்சாங்க. அத்தன பேருக்கும் இதே சீக்குதான். வழி அகலம் பத்தலைன்னா 'மேக் மோர் வைட்'ம்பாங்க. 'வைடன்'னு ஒரு வார்த்தை சும்மா கிடக்கும். எடுக்க மாட்டாங்க."

"எங்கள் மொழியில் முறை வேறு," என்றார் எலாடியோ. "கடினம் என்ற சொல்லை வேலைக்கு அனுப்ப வேண்டுமானால், தலையில் தொப்பி வைப்போம். காலில் செருப்பும் மாட்டுவோம். துரோ என்றால் கடினம். என்-துரெ-ஸேர் என்றால் கடினமாக்குவது."

"இங்கிலீஷ்ல தொப்பி அவ்வளவா கிடையாது. செருப்பு மட்டும்தான். ஹார்ட், ஹார்டன். மாட்டிட்டுக் கிளம்பிரும்."

"எல்லாச் சொல்லும் இப்படியா?"

"எல்லாம் எங்க? பிக்-குக்கு இந்தச் செருப்பு கால்ல ஏறாது. டிரை-க்குச் செருப்பே வேண்டாம், வெறுங்காலோட போய் வேலையை முடிச்சிட்டு வந்திரும். ஸ்ட்ராங் இருக்கே, அது கொஞ்சம் பிகு பண்ணும். முதல்ல ஸ்ட்ரெங்த்னு உடுப்பு மாத்தும். பொறவுதான் செருப்பைப் போடும். ஸ்ட்ரெங்தன்."

"ஏன் அப்படி?"

"அதுகிட்டக் கேட்டு எனக்கும் சொல்லுங்க."

எலாடியோ சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதற்கு வரவில்லை.

"இன்னொண்ணு கேட்டுக்கிடுங்க," என்றாள் டீச்சர். "இந்த வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு, அது இப்படி இருக்கு இது அப்படி இருக்குன்னு ஒண்ணு சொன்னீங்கன்னா, அத ஏதாவது செஞ்சிட்டுத்தான் அடுத்த வார்த்தை."

"எதைச் சொன்னாலும்?"

"எதைச் சொன்னாலும்."

*

"சாயா இனிப்புக் குறைவாக இருக்கிறது," என்றார் எலாடியோ.

டீச்சர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து, சீனி டப்பாவைத் தேடி, இரண்டு அலமாரியைத் திறந்து மூடி, கடைசியில் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எடுத்தார்.

"ஸ்வீட்டன்," என்றார்.

"ம்."

"அறை இருட்டாக இருக்கிறது."

காற்றுக்குப் பயந்து டீச்சர் பகலிலேயே சன்னலைச் சாத்தி வைத்திருந்தாள். அவர் எழுந்துபோய்க் கொக்கியை எடுத்தார். வெளிச்சம் வந்தது. கூடவே மலைக்கணவாய்க் காற்றும் வந்தது. மேசையிலிருந்த விடைத்தாள்கள் வீடெல்லாம் பறந்தன.

"பிரைட்டன்," என்றார் எலாடியோ, குரல் இறங்கி.

அவர் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து ஒவ்வொரு தாளாகப் பொறுக்கினார். ஒரு தாள் அடுப்புப் பக்கம் போய்விட்டது. ஓரம் கருகுவதற்குள் பிடித்துவிட்டார்.

"சன்னலைத் திறந்தது தவறா?"

"இருட்டு போச்சா இல்லையா?"

"போனது."

"அப்பொறம் என்ன?"

*

அவர் பிடிவாதக்காரர். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

தெருவில் போகும்போது முணுமுணுத்துக்கொண்டே போவார். உள்ளூர் வழக்கப்படி கைலி கட்டப் பழகியிருந்தார், ஆனால் அது எப்போதும் காலைத் தட்டும். "கைலி நீளமாக இருக்கிறது," என்று நடுத்தெருவில் நின்று சொன்னார். குனிந்தார். மடித்துக் கட்டினார். "ஷார்ட்டன்!" என்றார். மீன் விற்க வந்த பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

டீச்சர் வீட்டு வாசல்நிலை தாழ்வு. எலாடியோ நெடிய ஆள். தினமும் தலையில் இடி.

"நிலை தாழ்வாக இருக்கிறது," என்றார் ஒருநாள், நெற்றியைத் தடவிக்கொண்டு.

சொன்ன பிறகுதான் டீச்சர் போட்ட சட்டம் ஞாபகம் வந்தது. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவர் நிலையைப் பார்த்தார். தேக்குச் சட்டம், அதற்கு மேலே சுவர், அதற்கு மேலே ஓடு. இதை உயர்த்துவதென்றால் வீட்டையே பிரிக்க வேண்டும்.

பிறகு வெளியே போனார். தலையை நன்றாகக் குனிந்து, இடிக்காமல் உள்ளே வந்தார்.

"என்னை நான் ஷார்ட்டன் செய்தேன்."

டீச்சர் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தாள்.

*

ஆனால் ஒருநாள் அவருக்குக் கோபம் வந்தது.

"நான் இலக்கணம் படிக்க வந்தேன். நீங்கள் என்னை வீட்டு வேலைக்காரன் ஆக்கிவிட்டீர்கள்."

"வேலை பிடிக்கலையா?"

"பிடிக்கவில்லை."

"நாற்காலி இருக்கே. கால் மேல கால் போட்டுட்டு உக்காரலாம்."

எலாடியோ எழுந்து கதவு வரை போனார். கதவருகில் திரும்பினார்.

"கோபமாக இருக்கிறேன்," என்றார்.

"அப்ப ஏதாவது செய்யுங்க."

யோசித்துப் பார்த்தார். கோபத்துக்கு எந்தச் செருப்பு என்று தெரியவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டுபோய்க் குழாயில் தண்ணீர் பிடித்துவந்து வைத்தார். வைத்தபோது கோபம் இல்லை.

*

பரிசோதகர் வருவதற்கு இரண்டு நாளைக்கு முன்னால், காற்றாலைக் களத்தில் ஒத்திகை பார்த்தார்கள். பிளேடுக்குப் பதில் ஒரு பழைய இரும்புக் குழாயைக் கிரேனில் தொங்கவிட்டிருந்தார்கள்.

"லூஸன்!" என்றார் எலாடியோ.

கயிற்றுக்காரர்கள் விட்டுக்கொடுத்தார்கள். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"ஸ்ட்ரெயிட்டன்!"

குழாய் நேரானது.

அப்போது காற்று ஒரு தள்ளு தள்ளியது. தெற்குப் பக்கக் கயிறு தொய்ந்தது. குழாய் திரும்ப ஆரம்பித்தது. எலாடியோ வாயைத் திறந்தார்.

"கயிறு தளர்வாக இருக்கிறது," என்றார்.

ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். குழாய் திரும்பிக்கொண்டே இருந்தது.

"தளர்வாக இருக்கிறது!"

கிரேன் ஓட்டுபவர் தலையை வெளியே நீட்டி, "டைட் பண்ணுங்கடே!" என்று கத்தினார். எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். குழாய் நின்றது.

எலாடியோவின் முகம் காது வரை சிவந்துவிட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் டீச்சரிடம், "லூஸன் சொன்னேன். ஸ்ட்ரெயிட்டன் சொன்னேன். ஆட்கள் உடனே செய்தார்கள்," என்று மட்டும் சொன்னார்.

*

மறுநாள் கடைசிப் பாடம். விடிந்தால் பரிசோதகர்.

டீச்சர் முறத்தில் சிறுபயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். எலாடியோ கையைப் பின்னால் கட்டி, அறைக்குள் நடந்துகொண்டே ஒப்பித்தார். வைடன். ஷார்ட்டன். லெங்தன். ஸ்ட்ரெங்தன். டீப்பன். லூஸன். ஸ்ட்ரெயிட்டன். ஸாஃபன். ஹார்டன். மூச்சு விடாமல், ஒரு பிசகும் இல்லாமல் வந்தன.

டீச்சரின் கை முறத்தில் நின்றது.

"ஒண்ணு விட்டுப்போச்சு."

"எது?"

"நீங்கதான் சொல்லணும்."

அவர் முதலிலிருந்து ஒப்பித்தார். இந்தத் தடவை இன்னும் வேகம். முடித்தபோது டீச்சர் தலையை ஆட்டினாள். இன்னும் இல்லை.

அவள் எழுந்து, ஒரு சணல் கயிற்றை எடுத்து, ஒரு முனையைச் சன்னல் கம்பியில் முடிந்தாள். மறுமுனையை எதிரே இருந்த ஆணியில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினாள். நடுவில் கயிறு தொங்கியது.

"இது எப்படி இருக்கு?"

"தளர்வாக இருக்கிறது."

டீச்சர் உட்கார்ந்துவிட்டாள். இந்த வீட்டின் சட்டம் அவருக்குத் தெரியும்.

எலாடியோ ஆணியருகே போனார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். அது விண்ணென்று நின்றது. முடிச்சுப் போட்டார். அழகான முடிச்சு.

"இப்ப என்ன செஞ்சீங்க?"

அவர் முடிச்சையே இன்னொரு தடவை இறுக்கினார்.

"இங்கிலீஷ் வேண்டாம். தமிழ்ல சொல்லுங்க. களத்துல தினமும் கேக்குறதுதான."

பேசவில்லை.

"சரி, அதுவும் வேண்டாம். உங்க ஊர்ப் பேச்சுல சொல்லுங்க. அம்மாகிட்டப் பேசுன பேச்சுல."

எலாடியோவின் உதடு அசைந்தது. அந்த ஒரு சொல் அம்மாவின் மொழியிலும் வரவில்லை. நெற்றி வியர்த்துவிட்டது. இவ்வளவு காற்றில் வியர்த்தது.

"இங்கிலீஷ் வரலைன்னா நான் இருக்கேன்," என்றாள் டீச்சர். "ஸ்பானிஷ் வரலைன்னா நான் என்ன செய்யட்டும்?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பங்குனி மாதம்," என்றார். "பிளேடு இறங்கிக்கொண்டிருந்தது. கயிறு தளர்வாக இருந்தது. நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். சரியாகச் சொன்னேன், டீச்சர். உச்சரிப்பும் சரி. யேசுவடியான் இழுத்தான். நல்ல கயிற்றுக்காரன், சொன்ன உடனே இழுப்பான். அவன் விரல் கயிற்றுக்கும், கயிறு சுற்றியிருந்த தூணுக்கும் நடுவில் இருந்தது. நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றை மட்டும்."

"விரல் போச்சு."

"போனது. விசாரித்தார்கள். யார் மேலும் தவறில்லை, திடீர்க் காற்று என்று சொன்னார்கள்."

டீச்சர் ஆணியில் முடிந்திருந்த கயிற்றைப் பார்த்தாள்.

"கயிறு தளர்வாக இருக்கிறது என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாது," என்றார் எலாடியோ.

வெளியே தகரம் ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது.

"அவரப் போய்ப் பாத்தீங்களா?"

"பழம் அனுப்பினேன்."

"பழம் தானா நடந்து போச்சா?"

"மேனேஜர் கொண்டுபோனார்."

டீச்சர் முறத்தை ஓரமாக வைத்தாள். சாவியை எடுத்தாள்.

"வாங்க."

*

கோயில் திருப்பத்தில், எங்கே போகிறோம் என்பது எலாடியோவுக்குப் பிடிபட்டுவிட்டது. நின்றார்.

"இந்தத் தெரு வேண்டாம்."

"ஏன்? என்ன இந்தத் தெருவுக்கு?"

"குறுகலாக இருக்கிறது."

டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்ப அகலமாக்கிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

திரும்பிப் போய்விடலாம் என்று அவருக்குத் தோன்றியது. திரும்பிப் போனால் நாற்காலி. அது தெரியும். முன்னால் போனால் என்ன என்று தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.

யேசுவடியானின் வீடு மலையடிவாரத்தில் கடைசி வீடு. பக்கத்திலேயே ஒரு மாட்டுத்தொழுவம். ஓலை பறந்துபோன இடத்தில் தார்ப்பாயைப் போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். முற்றத்தில் முக்காலி போட்டு யேசுவடியான் உட்கார்ந்திருந்தான். வலது கையை மடிக்குள் வைத்திருந்தான். அவன் மனைவி ரீத்தம்மா தொழுவத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்களா!" என்று அவன் எழுந்துவிட்டான். "வாங்க சார். டீச்சரும் வாங்க. ஏ ரீத்தம்மா, யாரு வந்திருக்கா பாரு."

எலாடியோ தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் கூட்டிச் சேர்த்தார்.

"நான் வருத்தமாக இருக்கிறேன்," என்றார். "ரொம்ப வருத்தமாக. நீ நல்லவன். நான் கெட்ட..." அதற்கு மேல் தமிழ் இல்லை. டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

யேசுவடியான் மறுபடியும் முக்காலியில் உட்கார்ந்தான்.

"எல்லாரும் இதத்தான் சார் சொல்லிட்டுப் போறாங்க," என்றான். "பாவம்பாங்க. அய்யோ பாவம்பாங்க. சாமியாரும் அதத்தான் சொன்னாரு, பக்கத்து வீட்டுக்காரனும் அதத்தான் சொன்னான். கம்பெனி வாசல் கேட் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுக் குடுத்திருக்காங்க. சும்மா உக்காந்திருக்கணும். வீட்டுக்கு வந்தா இவ குடத்தைத் தொட விடமாட்டேங்கா. இந்தத் தொழுவத்தக்கூடக் கூட்ட விடமாட்டேங்கா."

"காயம் ஆறி எத்தன நாளாச்சு?" என்றாள் டீச்சர்.

"அது ஆறிட்டு டீச்சர், எப்பமோ." மடிக்குள் இருந்த கையை எடுக்கவில்லை. "பங்குனியிலருந்து ஒரு மனுசன் எங்கிட்ட 'லே, இதச் செய்யி'ன்னு சொன்னதில்ல."

எலாடியோவுக்கு எல்லா வார்த்தையும் புரியவில்லை. கடைசி வாக்கியம் புரிந்தது. ஒரு முதுகெலும்பு உள்ள மனிதனுக்கு அது புரியாமல் போகாது.

அவர் பதில் சொல்வதற்குள் காற்று வந்தது.

கணவாயிலிருந்து சும்மா வராது அது. அடித்துத் தள்ளிக்கொண்டு வரும். தார்ப்பாய் உப்பியது. தூணில் கட்டியிருந்த கயிறு நழுவி, ஒரு மூலை வானத்துக்கு எழும்பியது. மாடு மிரண்டு கயிற்றை அறுக்கப் பார்த்தது.

"எய்யா, போச்சே!" என்று ரீத்தம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

யேசுவடியான் அவளுக்கு முந்திவிட்டான். பறந்த கயிற்றை எட்டிப் பிடித்தான். பனந்தூணில் ஒரு சுற்றுச் சுற்றினான். அவ்வளவையும் செய்துவிட்டு, இழுக்காமல், திரும்பி எலாடியோவைப் பார்த்தான்.

பல வருசமாகக் கயிறு பிடித்தவன் அப்படித்தான். சொல் வராமல் இழுக்கமாட்டான்.

"கயிறு தளர்வாக இருக்கிறது," என்றார் எலாடியோ.

"தெரியுது சார்."

தார்ப்பாய் படபடவென்று அடித்தது. இன்னொரு முடிச்சும் தெறித்தது.

"சார்," என்றான் யேசுவடியான்.

எலாடியோ முற்றத்தைத் தாண்டி நடந்தார். ஓடவில்லை. தூணருகே வந்து நின்றார். அவர் கயிற்றைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தார். மோதிர விரல் இருந்த இடத்தில் வழவழவென்று ஆறிப்போன தோல். மற்ற விரல்கள் கயிற்றை இறுகப் பற்றியிருந்தன, தூணை ஒட்டினாற்போல.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்க நேரமில்லை.

"கை," என்றார் தமிழில். "கை பின்னால். இன்னும் பின்னால்."

யேசுவடியான் கையைப் பின்னுக்கு நகர்த்தினான்.

"மற்ற கை. காட்டு."

யேசுவடியான் அந்தக் கையையும் விரித்துக் காட்டினான். எலாடியோ இரண்டு கையையும் மறுபடி ஒருமுறை பார்த்தார். மூச்சை இழுத்தார்.

"டைட்டன்!"

காற்றையும் மீறிக் கேட்டது. மாடு திரும்பிப் பார்த்தது.

"டைட்டன்!" என்று யேசுவடியானும் திருப்பிக் கத்திவிட்டு, காலை ஊன்றி இழுத்தான்.

தார்ப்பாய் இறங்கியது. ரீத்தம்மா கயிற்றின் மிச்சத்தைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"நீ அங்கேயே நில்லு பிள்ளே," என்றான் யேசுவடியான். "சார் எங்கிட்டயாக்கும் சொன்னாரு."